பூமயிலு வச்ச கள்ளிப் பாத்தி

இதைத் தப்பாச் சொல்லிப்புடுவேனோன்னு பயமாத்தான் இருக்கு. பூமயிலு வழி ஆளுக காதுல பிசகா விழுந்தா சண்டைக்கு வந்துருவாக. எனக்குச் சொன்னவுக சொன்னபடி சொல்றேன், கேட்டுக்கங்க.

ரொம்பக் காலத்துக்கு முன்ன சடையனேந்தல்னு ஒரு வானம் பாத்த ஊரு. அந்த ஊருல பூமயிலுன்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் செத்துட்டான். கையில ஒரு பொம்பளப் பிள்ளை. இருக்கிறது ஒத்தக் கூரை வீடு, முன்னால கொஞ்சம் வாசல். அந்த வீட்டு மேல அவ கொழுந்தன் அங்குச்சாமிக்கு ஒரு கண்ணு.

அந்த ஊருல ஒரு வழக்கம் இருந்துச்சாம். பஞ்சம் வந்தா சனம் வீட்டைப் போட்டுட்டுப் பிழைக்கப் போயிரும். போனது யாரு, இருக்கது யாருன்னு தெரியணுமில்ல? அம்மனுக்குக் காப்புக் கட்டுற அன்னைக்கு ஊர்ப் பெரியவரு அம்பலம் தெருவுல நடந்து வருவாராம். வாசல்ல பச்சை நின்னா குடியிருக்கிற வீடு. பச்சை பட்டுப்போனா அது பாழ்மனை, பங்காளிக்குப் போயிரும். ஆளு உள்ள உக்காந்திருந்தாலும் வழக்கம் வழக்கந்தானாம்.

அந்த வருசம் மழை பொய்ச்சுப் போச்சு. ஊருணியில தண்ணி முறை விடுறது அங்குச்சாமி. எல்லாரும் மொண்டுட்டுப் போனபெறகுதான் பூமயிலை விடுவானாம். அவ அடியில கெடக்கிற கலங்கலைச் சிரட்டையால வழிச்சு ஒரு குடம் தேத்துவாளாம். பிள்ளைக்கே காணாது, செடிக்கு எங்க ஊத்துறது? துளசி போச்சு. செவ்வந்தி போச்சு.

"என்ன மதினி, வாசல் வெளுத்துக் கெடக்கு? பேசாம பிள்ளையக் கூட்டிக்கிட்டு உங்க ஆத்தா ஊருக்குப் போயிருங்க"ன்னானாம் அங்குச்சாமி.

"ஊருணிக் கரையிலயே நிக்கிறீகளே தம்பி, காலு வேர் விட்டுறப் போகுது. அப்பறம் உங்களைப் பிடுங்கி என் வாசல்ல நட்டுருவேன்"னாளாம் பூமயிலு.

விட்டாளா? விடல. பட்ட பாத்தியைக் கொத்திப் போட்டா. கம்மாக்கரைக்குப் போனா. கத்தாழையப் பிடுங்குனா, பிரண்டையை அறுத்தா, திருகுகள்ளியில கொப்பு கொப்பா ஒடிச்சா. பால் சொட்டச் சொட்டக் கொண்டாந்து அன்னைக்கே நட்டா. தண்ணிக்குத் தவிக்கிற ஊருல குடியிருக்கிறவ இல்லையா, தான் குடிக்க வச்சிருந்ததையும் பாசத்துல அதுக்கே ஊத்திட்டு நாக்கு வறளப் படுத்தாளாம். தினமும் ஊத்துனா. கொஞ்ச நாள்ல அடி அழுகி அத்தனையும் கொழகொழன்னு சாஞ்சிருச்சு.

அங்குச்சாமிக்குச் சிரிப்புத் தாங்கல. "ஊரே தண்ணியில்லாமச் சாகுது. தண்ணி கூடிப்போய்ச் செத்த செடிய ஒங்க வாசல்லதான் பாக்கேன் மதினி!"

பூமயிலு அழுகலை அள்ளிக்கிட்டுக் குப்பைமேட்டுக்குப் போனாளாம். நட்டது போக மிச்சம்னு அங்க எறிஞ்ச கொப்பு ஒண்ணு, வெட்டுவாய் காஞ்சு மூடி, கல்லுக்குள்ள வேர் விட்டு நிக்குதாம்.

"அடி களவாணி, தண்ணி வேண்டாம்னு முன்னமே சொல்லப்படாதா?"ன்னு அதைத் திட்டுனாளாம்.

விட்டாளா? விடல. திரும்பக் கம்மாக்கரை. திரும்பக் கத்தாழை, பிரண்டை, கள்ளி. இந்தத் தடவை எல்லாத்தையும் நிழல்ல போட்டுக் காயம் ஆற விட்டா. சரளையும் உடைஞ்ச பானை ஓடும் மணலும் கலந்து பாத்தியை மேடாக்குனா. நட்டா. ஒரு சொட்டு ஊத்தல. செடி நின்னுக்கிருச்சு.

காப்புக் கட்டுற நாள் வந்துச்சு. மேளத்தோட அம்பலம் வந்தாரு. அங்குச்சாமி முன்னால ஓடியாந்தானாம்.

"அம்பலம், இது வீட்டுச் செடியா? பால் வடியுற செடி, சுடுகாட்டுல நிக்கிறது. வாசல்ல வச்சா குடி விளங்குமா?"

"விளங்குதோ விளங்கலையோ, அது என் குடி. பச்சை நிக்கணும்னுதான வழக்கம்? எந்தப் பச்சைன்னு இருக்கா?"ன்னாளாம் பூமயிலு.

அம்பலம் தாடையைத் தடவுனாராம். "இருந்தாலும் ஆத்தா, கள்ளியப் போயி..."

"அப்ப வாங்க, எது பச்சைன்னு பாத்துருவோம்"னு சேலையை இழுத்துச் சொருகிட்டுத் தெருவுல இறங்கிட்டாளாம். தாலியறுத்தவ காப்புக் கட்டு அன்னைக்குத் தெருவுக்கே வரப்படாது. வந்துட்டா. ஊருணி அதுக்குள்ள கட்டாந்தரையாப் போயிருந்துச்சு. அங்குச்சாமி வாசல்ல துளசி வெறும் குச்சி. அடுத்த வாசல்லயும் குச்சி. அம்பலம் வாசல்ல மாடம் நிறையச் சருகு.

"இந்த மனை யாருக்கு அம்பலம்? உங்க பங்காளிக்கு ஆள் விடவா?"

மேளக்காரன் அடிக்கிறதை நிப்பாட்டிட்டானாம். அம்பலம் மாடத்துச் சருகை ஒரு கை அள்ளிப் பாத்தாரு. பெறகு மெதுவா, "கள்ளியும் பச்சைதான்"னாராம்.

அங்குச்சாமிக்கு வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு. மறுநாள் பூமயிலு விறகுக்குப் போன நேரம் பாத்து, அருவாளால பாத்தியக் கண்டந்துண்டமா வெட்டிப் போட்டுட்டானாம். பிள்ளை மூலையில ஒண்டி அழுகுது. இன்னைக்குச் செடிய வெட்டுன அருவா நாளைக்கு எதுல விழுமோ? பூமயிலு வந்து பிள்ளையத் தூக்கிக்கிட்டா.

அப்பவும் ஊரை விட்டு ஓடல. வெட்டுன துண்டை ஒண்ணு விடாமப் பொறுக்கி நிழல்ல பரப்புனா. "இன்னுங் கொஞ்சம் வெட்டிக் குடுங்க கொழுந்தனாரே, கொல்லைப்பக்கத்துக்குக் காணாது!"ன்னு தெருக்கேக்கக் கத்துனாளாம்.

இன்னைக்கும் சடையனேந்தல்ல புது வீடு கட்டுறவுக மொதல்ல கள்ளிப் பாத்திதான் வைப்பாக. நட்ட அன்னைக்கு ஒருத்தரும் தண்ணி ஊத்த மாட்டாக. பூமயிலு இருந்த இடத்துக்கு ஒருக்களிச்ச வாசல்னு பேரு. பொண்ணு கேட்டு வந்தாலும் சரி, வரி கேட்டு வந்தாலும் சரி, அங்க ஒடம்பைத் திருப்பித்தான் உள்ள போகணும். ஏன்னா, காஞ்ச துண்டையெல்லாம் அவ வீட்டைச் சுத்தி நாலு பக்கமும் நெருக்கி நட்டு, ஒரே ஒரு சந்துதான் விட்டாளாம். தன் பிள்ளைய அதுல நிறுத்தி ஒரு தடவை அகலம் அளந்தா. தான் ஒருக்களிச்சு நின்னு மறுதடவை அளந்தா. அங்குச்சாமி தொந்தி நுழையாதுன்னு தெரிஞ்சபெறகுதான் கடைசிக் கள்ளிய ஊனுனாளாம்.