புதன்கிழமை வச்ச மூட்டை

இல்லைங்க சார், கட்டுச்சோறு இல்ல. கனமே இருக்காது, புடிச்சுப் பாருங்களேன். சரி, வேணாம், அப்புறம் புடிங்க. முதல்ல கேட்டுக்கங்க. கொழும்பு ப்ளேனுக்குத்தானே உக்காந்திருக்கீங்க? அவசரமில்ல, இன்னும் எண்ணெய் ஊத்திக்கிட்டிருக்கான், அந்தா லாரி நிக்குது பாருங்க. அது நகந்தாத்தான் உங்களக் கூப்புடுவான். எனக்குத் தெரியும் சார். செம்பட்டுல ரோட்டு மேலேயே கடை. வாடகை சைக்கிள். மருதை கடைன்னா இங்க எல்லாருக்கும் தெரியும்.

உள்ள எப்படி விட்டாங்கன்னா? கேட்டுல தைரியராஜ்னு ஒருத்தர் நிக்கிறாரே, அவரு விட்டாரு. அன்னைக்கு விடாதவரும் அவருதான். பாவம், அவரு மேல குத்தம் இல்ல.

பரஸ்தானம்னு உங்க பக்கம் வழக்கம் உண்டா? இல்லையா? சொல்றேன். இப்ப வியாழக்கிழமை தெக்க போகக்கூடாது, சூலம். ஆனா போயித்தான் ஆகணும்னு வச்சுக்கங்க. என்ன பண்ணுவோம், முத நாளே நல்ல நேரம் பாத்து, நம்ம வேட்டி ஒண்ணு, ஒரு பிடி அரிசி, பாக்கு, மஞ்சக் கெழங்கு, ஒரு காசு, எல்லாம் மூட்டையாக் கட்டி, போற தெசையில இன்னொருத்தர் வீட்டுல கொண்டுபோயி வச்சிருவோம். அப்ப பயணம் அன்னைக்கே தொடங்கிருச்சுன்னு கணக்கு. மறுநாளு போற வழியில அதைக் கையில எடுத்துக்கிட்டுப் போயிரணும். வச்ச மூட்டை திரும்ப வீட்டுக்கு வரக்கூடாது. முன்னாடிதான் போகணும். அவ்வளவுதான் சார், பெரிய மந்திரம் ஒண்ணும் இல்ல.

எந் தங்கச்சி ராசாத்திய ஸ்ரீரங்கத்துல மேலூருக்குக் குடுத்தோம். மாப்பிள்ளை பேரு அழகிரி. வாழைக்கொல்லைக் குடும்பம். அவரு கொழும்புல ஒரு ஜவுளிக் கடையில வேலையா இருந்தாரு. எப்பவும் போட் மெயில்லதான் போவாரு, தனுஷ்கோடி போயி கப்பல் ஏறி. இப்பத்தான் புயல்ல தனுஷ்கோடியே இல்லாமப் போச்சே. அந்தத் தடவ மொதலாளிக்கு ஏதோ அவசரம், ப்ளேன் டிக்கெட் எடுத்து அனுப்பிட்டாரு. வியாழக்கிழமை ப்ளேன். தெக்கத்திப் பயணம். ராசாத்திக்கு அப்ப வயித்துல அஞ்சு மாசம். புதன்கிழமையே வண்டி புடிச்சு வந்து எங்க வீட்டுல மூட்டைய வச்சுட்டுப் போனா. ஸ்ரீரங்கத்துக்கு எங்க வீடு தெக்கதானே. அண்ணே, நாளைக்கு அவரு வரும்போது மறக்காம கையில குடுத்துருங்கன்னா.

நான் மறக்கல சார். விடிஞ்சதுலேருந்து கடை வாசல்ல இதைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன். அவரு வாடகைக் காருல வருவாரு, எறங்கி எடுத்துப்பாருன்னுதான் பேச்சு. ஆனா ப்ளேன் கம்பெனியோட டவுன் ஆபீசுலேருந்தே எல்லாரையும் ஒரு வேனுல ஏத்திக் கொண்டாந்துட்டாங்க. வேனு நேரமாச்சுன்னு பறக்குது. நான் நடுரோட்டுல போயி கைய ஆட்டுறேன். ட்ரைவரு ஹாரன அமுக்கிக்கிட்டு ஒதுங்கிப் போயிட்டான். மாப்ள ஜன்னல்ல தலைய நீட்டி, அங்க வாங்க, அங்க வாங்கன்னு கத்துறாரு. உருப்படியா ஒரு சைக்கிள எடுத்தனா, அதுவும் இல்ல. கைக்குக் கெடைச்சது பெடல் நழுவுற வண்டி. சைக்கிள் கடைக்காரன் பொழப்பப் பாருங்க.

வந்து சேந்தா கேட்டச் சாத்திட்டாங்க. அந்தா, அந்தக் கம்பி வேலி இருக்குல்ல, அதுகிட்டதான் நின்னேன். ப்ளேனோட விசிறி சுத்த ஆரம்பிச்சிருச்சு. மூட்டையத் தலைக்கு மேல தூக்கிக் காட்டுறேன். மாப்ள ஏணியில ஏறுனவரு திரும்பிப் பாத்தாரு. சிரிச்சாரு. கைய இப்படி அசைச்சாரு. இருக்கட்டும், வந்து எடுத்துக்கிறேன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. அந்தச் சத்தத்துல காதுல எங்க விழுது. வேற என்னமோகூடச் சொல்லிருக்கலாம். நான் ராசாத்திகிட்ட அப்படித்தான் சொன்னேன், வந்து எடுத்துக்கிறேன்னாரும்மான்னு.

ஆமா சார், அந்தப் ப்ளேன்தான். நயா பைசா வந்த வருஷம். நீங்க சின்னப் புள்ளையா இருந்திருப்பீங்க. இங்கேருந்து கெளம்புனது அங்க போயிச் சேரல. சாயங்காலம் இந்த எடமெல்லாம் சனம். ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறான். எண்ணெய் தீந்துருக்கும், எங்கயாச்சும் எறங்கிருப்பாங்க, காலையில தெரியும்னாங்க. காலையில மேல ப்ளேனா பறக்குது, தேடுறதுக்கு. கப்பல் போயிருக்குன்னு ரேடியோவுல சொன்னான். ராமேஸ்வரத்துல எறங்கிட்டாங்கன்னு ஒருத்தன் ஓடி வர்றான். பொம்பளைங்க எல்லாம் தேங்கா ஒடைச்சாங்க. பொய்யி. ப்ளேன் சீட்டு மெத்தை ஒண்ணு கரை ஒதுங்கிருக்குன்னாங்க, அது ஏதோ கப்பல்லேருந்து விழுந்ததாம். உறையூருல ஒருத்தர்கிட்ட வெத்தலையில மை போட்டுப் பாத்தோம். வெள்ளை மணலு தெரியுது, தென்னமரம் தெரியுது, ஆளு உக்காந்திருக்காருன்னாரு. கடல் பக்கம்னா மணலும் தென்னையும் தெரியாம பின்ன என்ன தெரியும்? இப்பக் கேக்கத் தோணுது. அப்ப அந்த மனுஷன் கையப் புடிச்சு கண்ணுல ஒத்திக்கிட்டேன்.

மாப்ளையோட அப்பா வீரமலை, அவரும் நானும் கெளம்பி கோட்டைப்பட்டினம் போனோம். ஜெகபர் அலின்னு ஒரு படகுக்காரரு. எங்களப் பாத்ததுமே வெளங்கிருச்சு அவருக்கு. வாங்க, ஏறுங்கன்னாரு. நான் அதுக்கு முன்ன கடலைப் பாத்ததே இல்ல சார். காவேரியில வெள்ளம் வந்தாலும் அக்கரை தெரியும்ல. இங்க எந்தப் பக்கம் திரும்புனாலும் ஒண்ணுமே இல்ல. தேடுறோம் தேடுறோம்னு வந்துட்டோம், எப்படித் தேடுறது? எதை நகத்திப் பாக்குறது? எதைத் தூக்கிப் பாக்குறது? பெரியவரு தண்ணியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. எனக்கு வாந்தி வாந்தியா வருது. கடைசியில என்ன பண்ணுனேன் தெரியுங்களா? கூப்புட்டேன். மாப்ளேன்னு சத்தம் போட்டுக் கூப்புட்டேன். ஆத்துக்கு அக்கரையில நிக்கிறவரக் கூப்புடுற மாதிரி. சிரிக்கலாம் சார், சிரிங்க. ஜெகபர் அலி சிரிக்கல. பாய எறக்கிப் படக நிறுத்திட்டாரு. நல்லாக் கூப்புடுங்க தம்பின்னாரு. தொண்ட கட்டுற வரைக்கும் கூப்புட்டேன்.

அப்புறம் ஒரு நாளு ரேடியோவுல அந்தப் பேச்சே வரல. தேடுறத நிறுத்திட்டோம்னு யாரும் வந்து சொல்லல. பேச்சு நின்னுபோச்சு, அவ்வளவுதான்.

காவேரிக் கரையில அம்மா மண்டபத்துப் புரோகிதருங்ககிட்ட கேட்டோம். தர்ப்பையில ஆளு மாதிரி செஞ்சு கொள்ளி வச்சிரலாம், காரியம் பண்ணிரலாம்னாங்க. பெரியவரு சரின்னுட்டாரு. ராசாத்தி எந்திரிச்சு வந்தா. வயிறு அப்ப இம்மாம் பெருசு. பரஸ்தானத்த எடுக்காம ஒருத்தரு எப்படிக் கெளம்புவாரு? மூட்டை அண்ணன் வீட்டுல இருக்கு. அவரு இன்னும் கெளம்பவே இல்லன்னா. வழக்கப்படி பாத்தா அவ சொல்றது சரியாத்தானே இருக்கு.

எம் பொண்டாட்டி வெள்ளையம்மா மூணு வருஷம் முன்ன போனா. கண்ணு முன்னாடி போனா. தூக்கிட்டுப் போயி வச்சேன், சாம்பல அள்ளி ஆத்துல விட்டேன். அழுதேன். ஆனா அது முடிஞ்சுது சார். இவளுக்கு எங்க முடிஞ்சுது? கல்யாண வீட்டுல குங்குமத் தட்டு வரிசையா வரும். இவகிட்ட வந்ததும் கொஞ்சம் நிக்கும். குடுக்கவும் மாட்டாங்க, தாண்டவும் மாட்டாங்க. இவளே கைய நீட்டி எடுத்து வச்சுக்குவா. கொழுப்பு பாரு இவளுக்குன்னு காதுபடப் பேசுவாங்க. புதன்கிழமையானா எங்க வீட்டுக்கு வருவா. ஆணியில மாட்டியிருக்குற மூட்டைய எறக்கி, வேட்டிய வெயில்ல காயப்போட்டு, அரிசிய மாத்தி, திரும்பக் கட்டி வச்சுட்டுப் போவா. அப்ப வச்ச பழைய அணா இன்னும் உள்ளதான் கெடக்கு.

என்ன சார்? இத்தனை வருஷம் கழிச்சு இப்ப ஏன்னா?

அவ மக பொன்னுத்தாயி மூணாங் கிளாஸ் படிக்கிறா. போன வாரம் ஸ்கூல்ல உங்கப்பா எங்கடின்னு டீச்சர் கேட்டிருக்காங்க. எங்கப்பா இன்னும் கெளம்பலைங்க டீச்சர்னுச்சாம் அது. புள்ளைங்க எல்லாம் கொல்லுன்னு சிரிச்சிருக்கு. அது வந்து, ஏம்மா சிரிச்சாங்க, நான் சரியாத்தானே சொன்னேன்னு கேட்டிருக்கு. ராசாத்தி நேத்து வந்தா. வேட்டிய ரெண்டு தடவ தொவச்சா. மடிச்சுக் கட்டி எங்கிட்டக் குடுத்தா. அண்ணே, நாளைக்கு வியாழக்கிழமை, போற ப்ளேனுல அனுப்பிருங்கன்னா.

அதான் சார். நீங்க யாருக்கும் குடுக்க வேணாம். கடல்லயும் போட வேணாம். கொழும்புல எறங்குனதும் ஒரு கோயில் வாசல்லயோ மரத்தடியிலயோ வச்சிருங்க. போயிச் சேரணும், அவ்வளவுதான். சுங்கத்துல கேட்டா அவுத்தே காட்டுங்க, ஒளிக்க ஒண்ணும் இல்ல. உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேருகிட்டக் கேட்டேன், எந்திரிச்சுப் போயிட்டாங்க. நியாயந்தான், முன்னப் பின்னத் தெரியாதவன் மூட்டை.

லாரி போயிருச்சு. கூப்புடுறாங்க பாருங்க.

வாங்கிக்கிறீங்களா? நெசமாவா? நீங்க நல்லா இருக்கணும். இல்ல, ஒண்ணுமில்ல, விடுறேன், விடுறேன். கை தானா இறுக்கிப் புடிச்சிருச்சு. நீங்களும் மாட்டேன்னு எந்திரிச்சுப் போயிருவீங்கன்னுதான் நெனச்சேன். வேண்டிக்கிட்டேன்னுகூடச் சொல்லலாம்.

ஏறும்போது மட்டும் திரும்பிப் பாக்காம ஏறிருங்க சார். அவளா? வந்திருக்கா. அந்தா, அதே வேலிகிட்ட, பச்சப் பொடவை. நெறைய பூ வச்சு, பெருசாப் பொட்டு வச்சுக்கிட்டு நிக்கிறா பாருங்க. ப்ளேன் மேல ஏறுனதும் நானே அழிச்சுக்கிறேண்ணே, வேற யாரும் எங்கிட்ட வரக்கூடாதுன்னு சொல்லிருக்கா.

நீங்க போங்க சார், நேரமாச்சு. நான் கொஞ்ச நேரம் இங்கேயே உக்காந்திருக்கேன். சத்தம் அடங்குன பொறவு அந்தப் பக்கம் போறேன்.