விருந்து மேசையில் வைத்த வான்கோழி

எனது பெயர் ஆர்லீன் கோவாச். வயது 64. காலஞ்சென்ற ஸ்டீவன் கோவாச்சின் மனைவி. ஒஹாயோ மாநிலம், டன்மோர் க்ரீக் ஊரில், ஃபவுண்ட்ரி தெரு 418ஆம் எண் வீட்டில் முப்பத்தொரு வருடமாகக் குடியிருந்து வருகிறேன். ஊர்ப் பள்ளியின் சமையலறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் மீது இதற்கு முன் வழக்கு எதுவும் கிடையாது. நான் வாய் திறக்காமல் இருக்கலாம் என்றும், வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம் என்றும் துணை ஷெரிஃப் மோசர் என்னிடம் சொன்னார். விளங்கிக்கொண்டேன். இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் விருப்பப்படியே இதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இலவச மளிகைக் கூடம் ஒன்று எட்டு வருடமாக நடக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது நான். சம்பளம் கிடையாது, எனக்கு மட்டுமல்ல, யாருக்குமே கிடையாது. செவ்வாய்க்கிழமை சாமான்கள் வந்து சேரும், வியாழக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை கொடுப்போம். எழுபது குடும்பம் போல வருவார்கள். கண்ணாடித் தொழிற்சாலை மூடிய பிறகு வந்தவர்கள்தான் பாதிப்பேர். தேவாலயக் குழுவின் தலைவர் ராய்ஸ் டில்மன், வயது 71, முன்பு டிராக்டர் கடை வைத்திருந்தவர். சாமான் ஏற்றி வர தன் வண்டியைக் கொடுப்பார். கூடத்தின் சாவி என்னிடம் ஒன்று, அவரிடம் ஒன்று.

இந்த வருடம் ஜூலை மாதம் 9ஆம் தேதி சனிக்கிழமை பிற்பகல் அடித்த புயலில் ஊர் முழுக்க மின்சாரம் போனது. அன்று கூடத்தின் பெரிய ஃப்ரீசரில் முப்பத்தொரு வான்கோழிகளும், அவற்றின் நெஞ்சுக்கறிப் பொட்டலங்கள் கொஞ்சமும், ஒரு பண்ணைக்காரர் எங்களுக்கென்றே அறுத்து வெட்டி, தாளில் சுற்றி, ஒவ்வொரு பொட்டலத்திலும் "மளிகைக் கூடத்துக்கு" என்று முத்திரை குத்திக் கொடுத்திருந்த ஒரு முழு மாட்டின் இறைச்சியும் இருந்தன. நான் ராய்ஸுக்குப் போன் செய்து, அவருடைய ஜெனரேட்டரை இரண்டு நாள் தர முடியுமா என்று கேட்டேன். வீட்டுக் கிணற்று மோட்டாருக்கு வேண்டும் என்று சொன்னார். அதன் பிறகு திங்கட்கிழமை காலை நான் போய் ஃப்ரீசரைத் திறந்து பார்த்தபோது வான்கோழிகள் எல்லாம் இளகி, அடியில் நான்கு விரல் ஆழத்துக்குச் சிவப்புத் தண்ணீர் நின்றது. நாற்றம் வந்துவிட்டிருந்தது. மாட்டிறைச்சிப் பொட்டலங்களைக் காணவில்லை. ராய்ஸுக்கு மறுபடி போன் செய்தேன். "அத நான் சனிக்கிழமையே எங்க வீட்டு ஃப்ரீசருக்கு ஏத்திட்டேன் ஆர்லீன். நல்ல கறியாச்சே, வீணாப் போகலாமா," என்றார். நான் அவருக்கு நன்றி சொன்னேன். கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும் என்றும் சொன்னேன். இதை எழுத வேண்டுமா என்று துணை ஷெரிஃப் கேட்டார். எழுதத்தான் வேண்டும் என்றேன்.

அதன் பிறகு ஃப்ரீசர் கதவில் கறுப்பு மையால் "விஷம், எறிய வேண்டும்" என்று கை அகல எழுத்தில் எழுதி, கதவைச் சுற்றி டேப் ஒட்டினேன். குப்பை வண்டி வெள்ளிக்கிழமைதான் வரும். பள்ளிச் சமையலறையில் கெட்ட இறைச்சியை எறிவதற்கு முன் அதன் மேல் ப்ளீச் ஊற்ற வேண்டும் என்பது விதி. எடுத்துத் தின்ன யாருக்கும் தோன்றக் கூடாது என்பதற்காக இருபத்தாறு வருடமும் ஊற்றியிருக்கிறேன். அன்று ஊற்றவில்லை. நாற்றத்தில் நிற்க முடியவில்லை என்பது ஒரு காரணம். இது நம் ஆட்கள் இருக்கும் இடம்தானே, படித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள்தானே என்று நினைத்தது இன்னொரு காரணம். மறுநாள் செவ்வாய்க்கிழமை என் தம்பிக்கு இருதய அறுவை சிகிச்சை இருந்ததால் டொலீடோ போய்விட்டேன். வியாழக்கிழமை சாமான் கொடுப்பதை ராய்ஸும், உடன் வேலை செய்யும் பேட்ரிஸும் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு.

16ஆம் தேதி சனிக்கிழமை ஊர் திரும்பினேன். மதியம் வெண்டல் க்ரம்ப் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் கண்ணாடித் தொழிற்சாலையில் உலை வேலை பார்த்தவர், வயது நாற்பத்தைந்து இருக்கும், மூன்று பிள்ளைகள். கையில் ஒரு ஐஸ் பெட்டி இருந்தது. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. குறை சொல்ல வரல. வியாழக்கிழம ரெண்டு வான்கோழி குடுத்தாங்க. ஒண்ண உறைஞ்சபடியே அவன் அடுப்புல வச்சு வேக வச்சோம். ஒரு மாதிரி வாடை இருந்துச்சு, என் சம்சாரம் வினிகர ஊத்தித் தேச்சா. ராத்திரியெல்லாம் பிள்ளைங்க வாந்தி. இது ரெண்டாவது. நேத்து வெளிய எடுத்து வச்சேன், இளகினதும் வீடே நாறிப்போச்சு. நாங்கதான் சரியா வச்சுக்கலையோ என்னமோ. திருப்பிக் குடுத்தா வேற யாருக்காவது ஆகுமேன்னு கொண்டாந்தேன்."

நான் பெட்டியைத் திறந்தேன். தோல் பச்சை பூத்து, உறைக்குள் தண்ணீர் பழுப்பாக நின்றது. வேறு யாருக்காவது ஆகும் என்று அவர் சொன்னது அந்தப் பொருளை. பெட்டியை அவரிடமிருந்து வாங்கி என் கார் கொட்டகையில் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு தேவாலயத்துக்குப் போய்க் கீழ்த்தளத்தைத் திறந்தேன். ஃப்ரீசர் காலியாகக் கழுவி விட்டிருந்தது. கதவில் டேப் இல்லை. நான் எழுதியிருந்த எழுத்தையும் ஏதோ ஊற்றித் துடைத்திருந்தார்கள். "விஷம்" என்பதில் கடைசி எழுத்து மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பேட்ரிஸின் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவள் வாசலிலேயே அழ ஆரம்பித்தாள்.

"செவ்வாக்கிழம கரண்ட் வந்துடுச்சு. வியாழக்கிழம பாக்குறப்போ எல்லாம் கல்லு மாதிரி இருந்துச்சு ஆர்லீன். உறைஞ்சா கிருமி செத்துடும்னு ராய்ஸ் சொன்னாரு. நம்ம தேவாலயத்தோட நூறாவது வருஷ விழா வருது, இந்த நேரத்துல ஜனங்கள வெறுங்கையோட அனுப்பினா பேரு கெட்டுடும்னாரு. நான் என்ன கண்டேன்?"

எழுத்தைத் துடைத்தது யார் என்று கேட்டேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதன் பிறகு கூடத்தின் வருகைப் புத்தகத்தை எடுத்து வந்து, வான்கோழி வாங்கிய இருபத்தேழு வீடுகளுக்கும் நானே போன் செய்தேன். பதினோரு வீட்டில் ஆட்கள் படுத்திருந்தார்கள். ஒருவர்கூட அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பெண், கிணற்றுத் தண்ணீர்தான் புயலில் கெட்டுப்போனது என்று நினைத்ததாகச் சொன்னாள். இன்னொருவர், "குடுத்தத குத்தம் சொன்னா நல்லாவா இருக்கும்," என்றார். லெனோரா பிக்ஸ் என்ற அம்மாள், வயது 78, ஆற்றோரம் ட்ரெய்லர் வண்டி வீட்டில் தனியாக இருப்பவர், போனை எடுக்கவில்லை. நான் காரில் போய்ப் பார்த்தபோது கதவு சாத்தி மட்டும் இருந்தது. குளியலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து கிடந்தார். என்னைக் கண்டதும் பாவாடையை இழுத்து மூடப் பார்த்தார், கை எழவில்லை. தரையைத் துடைக்க முயன்றிருக்கிறார், பக்கத்தில் துணி கிடந்தது. ஆம்புலன்ஸை அழைத்தேன். சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டதாக ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள்.

அங்கிருந்து நேராக ராய்ஸ் டில்மன் வீட்டுக்குப் போனேன். அவர் கொட்டகையில் உட்கார்ந்து, விழாவுக்கு வாங்கிய கரி அடுப்பின் பாகங்களைப் பொருத்திக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். லெனோராவைப் பற்றியும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, கையைத் துடைத்துக்கொண்டார்.

"வயசானவங்க, ஏதாவது ஒண்ணு வரும். வான்கோழியாலதான்னு எப்படிச் சொல்ற?"

நான் கதவில் எழுதி வைத்ததைப் படித்தீர்களா என்று கேட்டேன்.

"படிச்சேன். உனக்கு எதையும் எறியணும், பள்ளிக்கூட புத்தி. இலவசமாக் குடுக்குறத மோந்து பாக்குறவனுக்கு நெசமாவே பசி இல்லன்னு அர்த்தம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே, எனக்கு ஒரு விஷயம் கற்றுக்கொடுப்பது போலச் சொன்னார். மாட்டிறைச்சி எங்கே என்று கேட்டதற்கு, "பத்திரமா இருக்கு, நீ ஏன் கவலப்படுற," என்றார்.

திங்கட்கிழமை போதகரிடம் போனேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, விழா முடியட்டும், பிறகு குழுவைக் கூட்டிப் பேசுவோம் என்றார். சுகாதார அலுவலகத்துக்குப் போன் செய்ததில், அடுத்த திங்கட்கிழமை, அதாவது 25ஆம் தேதி ஆள் வருவார், சந்தேகப்படும் பொருளை அப்படியே வைத்திருங்கள் என்றார்கள். அதனால் வெண்டல் கொடுத்த பெட்டியை மறுபடி திறக்காமல் கொட்டகையிலேயே வைத்திருந்தேன். அந்த வியாழக்கிழமை கூடத்தைப் பூட்டி, ஆட்களை வாசலிலேயே நிறுத்தி, டின் சாமான்களை மட்டும் காரிலிருந்து கொடுத்தேன்.

24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, தேவாலயப் புல்வெளியில் விருந்து நடந்தது. நூற்றைம்பது பேர் இருப்பார்கள். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். விழா முடிந்ததும் போதகரைப் பிடித்து, குழுவை எப்போது கூட்டுகிறார் என்று கேட்கலாம் என்று ஒரு மணிக்குப் போனேன். கரி அடுப்பில் மாட்டுக்கறித் துண்டுகள் வெந்துகொண்டிருந்தன. ராய்ஸ் வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் எப்படி வேக வேண்டும் என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறினார். அடுப்புக்குப் பின்னால் இருந்த குப்பைத் தொட்டியில் இறைச்சி சுற்றிய தாள்கள் கிடந்தன. ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தேன். "மளிகைக் கூடத்துக்கு" என்ற முத்திரை இருந்தது. தொட்டி நிறைய அந்தத் தாள்கள்தான். வெண்டல் க்ரம்ப் அங்கே நாற்காலி தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். கூலிக்கு அல்ல. கூடத்தில் வாங்குகிறோமே, ஒரு கை கொடுப்போம் என்று வந்ததாகச் சொன்னார். அவர் கையில் தட்டு இல்லை.

அதன் பிறகு நான் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நான்கு நிமிடம் ஆகும். திரும்பி வர நான்கு நிமிடம். ஆத்திரத்தில் அறிவில்லாமல் செய்தேன் என்று பேட்ரிஸ் சொல்லியிருப்பதாகத் தெரிகிறது. அது சரியல்ல. போகும்போதும் வரும்போதும் சிவப்பு விளக்கில் நின்றுதான் வந்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தலைமை மேசைக்குப் போனேன். ராய்ஸ் அப்போதுதான் ஏப்ரனைக் கழற்றிவிட்டு, போதகர் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவர் தட்டை நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் வான்கோழியை வைத்து, கறிக்கத்தியால் உறையைக் கீறினேன். நான் அதை அவர் மீது எறிந்ததாக அவர் கொடுத்த புகாரில் உள்ளது. எறியவில்லை. எட்டு நாள் கொட்டகை வெக்கையில் இருந்தது, உள்ளே காற்று கட்டியிருந்தது, கத்தி பட்டதும் தானாகவே பீறிட்டு அவர் சட்டையிலும் மடியிலும் தெறித்தது. புழு இருந்தது. போதகர் எழுந்து ஓடிப் போய் ரோஜாச் செடிப் பக்கம் வாந்தி எடுத்தார். நான் ராய்ஸிடம், "மோந்து பாருங்க. பசி இருந்தா மோந்து பாக்க மாட்டாங்கன்னீங்களே," என்று சொன்னேன். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, அவரைத் தொடவும் இல்லை. அவர் பின்னால் தள்ளி எழும்போது நாற்காலியோடு விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது.

அதன் பிறகு கத்தியை மேசை மேல் வைத்துவிட்டுத் தேவாலயப் படியில் போய் உட்கார்ந்தேன். குழுவைச் சேர்ந்த ஒருவர் வெண்டலிடம் ஒரு வாளியையும் துடைப்பானையும் கொடுத்து, மேசையைக் கழுவிவிடச் சொன்னார். வெண்டல் வாளியை வாங்கினார். பிறகு அதைக் கொடுத்தவர் காலடியிலேயே வைத்துவிட்டு, "என் வீட்ட நான் கழுவிட்டேங்க. இத நீங்க கழுவுங்க," என்று சொல்லிவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். துணை ஷெரிஃப் வந்து என்னை அழைத்துப் போனபோது மணி இரண்டு இருக்கும். மாலையில் விட்டுவிட்டார்கள்.

சபைக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டால் ராய்ஸ் டில்மன் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வார் என்று இன்று எனக்குச் சொல்லப்பட்டது. அவர் கை முறிந்ததற்கு வருந்துகிறேன், அதை எங்கே நின்று வேண்டுமானாலும் சொல்கிறேன். வான்கோழியை வைத்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஃப்ரீசரில் ப்ளீச் ஊற்றாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டிய இருபத்தேழு வீடுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்பதுக்குப் போய்விட்டேன். மீதிக்கும் போவேன்.

நேற்று, 25ஆம் தேதி, சுகாதார அலுவலகத்து ஆள் வந்து என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டு போன பிறகு, ஆஸ்பத்திரிக்கு லெனோரா பிக்ஸைப் பார்க்கப் போனேன். ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு குழாய் மாட்டிப் படுத்திருந்தார். நாற்காலியைக் கட்டில் ஓரத்துக்கு இழுத்துப் போட்டேன். அவர்தான் முதலில் பேசினார்.

"போன வியாழக்கிழம வர முடியலம்மா. அந்தக் கறியிலயும் பாதிதான் தின்னேன், மிச்சம் வீணாப்போச்சு. அதுக்காக என் பேர புத்தகத்துலேர்ந்து எடுத்துடாதீங்க."

எடுக்கவில்லை என்று சொன்னேன்.

இவ்வளவும் நான் சொல்லச் சொல்ல துணை ஷெரிஃப் மோசர் எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினார். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னேன், திருத்தினார். இதில் நான் கண்டதும் செய்ததும் தவிர வேறில்லை, யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொன்னதும் இல்லை. உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஆர்லீன் கோவாச்
ஜூலை 26, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 11.40