கேப்டனின் முதுகு

ஒரு எழுத்துகூடப் பொய் கலக்காமல் சொல்கிறேன் என்று முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன், ஐயா. பொய் சொல்வதாக இருந்தால் இதைவிட நல்ல கதையாகச் சொல்லியிருப்பேன். அந்தத் திறமை எனக்கு உண்டு என்று என் பக்கத்து வீட்டில் விசாரித்தாலே தெரியும். நீங்கள் வாங்கிக் கொடுத்த டீ நன்றாக இருந்தது. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

நான் தொலைக்காட்சியில் முதுகாக வேலை பார்த்தேன். விண்வெளித் தொடர் ஒன்றில் கேப்டனாக நடித்தவருக்கு நான் டூப். முகம் தெரிந்தால் அவர். திரும்பி நடந்தால், ஏணியிலிருந்து விழுந்தால், எதிராளியின் முகத்தைக் காட்டுவதற்காக ஓரத்தில் ஒரு தோள் மட்டும் தெரிந்தால், அது நான். அவர் முடி மாதிரியே ஒரு விக் மாட்டிவிடுவார்கள். அவரைவிட எனக்கு வயது கூட. ஆனால் வயது முதுகில் தெரியாது.

ஒருநாள் ஒரு பெண்மணி செட்டுக்கே வந்து, கேப்டன் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோன காட்சியில் அழுதுவிட்டேன் என்றார். கேப்டன் என்னைக் கைகாட்டினார். "அது அண்ணனோட முதுகும்மா. அவர்கிட்ட சொல்லுங்க." அந்த அம்மாள் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, அழுததை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

கேப்டன் அவ்வளவு நல்லவர். நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்பார். டைரக்டரிலிருந்து டீ கொண்டுவருபவர்வரை என்னை எல்லோரும் "முதுகு" என்றுதான் கூப்பிடுவார்கள். "முதுகுக்கு ஒரு டீ" என்று குரல் கேட்டால் நான் கை நீட்டுவேன். அவர் ஒருவர்தான் "அண்ணே" என்பார்.

சின்னக் கம்பெனி. முதுகை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் சோறு போட மாட்டார்கள். ஆகவே கதவு இழுப்பதும் நான்தான், புகை விடுவதும் நான்தான். நட்சத்திரங்களைத் தாண்டிப் போகிற அந்தக் கலம், முட்டை அட்டைகளை ஒட்டி வெள்ளிப் பெயிண்ட் அடித்தது. சுவரில் சாய்ந்தால் சுவரும் கூடவே வரும். தானாகத் திறக்கும் கதவுகளுக்குப் பின்னால் நான் நின்று இழுத்துக்கொண்டே வாயால் "உஸ்ஸ்" என்பேன். கெட்டியாகச் செய்திருந்தது ஒன்றே ஒன்றுதான்: கலத்தைவிட்டு வெளியே போகுமுன் நிற்கிற காற்றறை. ஆள் உயரப் பெட்டி, வட்டமாக ஒரு கண்ணாடி, கொண்டி வெளிப்பக்கம். தச்சர் அதற்கு முன்னால் குளிர்பதனக் கிடங்குகளுக்குக் கதவு செய்தவராம். காற்றே புகாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கேப்டனுக்குள் இருக்கும் கெட்டவனைக் காட்டப்போகிறோம் என்றார் டைரக்டர். ஏதோ ஒரு கதிர் பட்டு கேப்டன் இரண்டாகப் பிரிகிறார், ஒருவர் நல்லவர், ஒருவர் கெட்டவர். கெட்டவர் நல்லவரைக் காற்றறையில் பூட்டிவிட்டுக் காற்றை வெளியேற்றுகிறார். அவர் கதவைத் தட்டுகிறார், கெஞ்சுகிறார், இவர் பார்த்துக்கொண்டே நிற்கிறார். கேப்டனுக்கோ கெட்ட பார்வை வரவில்லை. எத்தனை தடவை முறைத்தாலும் பல்வலிக்காரர் மாதிரி இருந்தது. கடைசியில் டைரக்டர் அலுத்துப்போய், கெட்டவன் முகம் பாதி இருட்டில்தானே இருக்கிறது, முதுகே செய்யட்டும் என்றுவிட்டார்.

நான் முதன்முதலாகத் திரும்பப்போகிறேன். வீட்டில் சொன்னேன். என் மனைவி நம்பவில்லை. "முகம் நிஜமா வருமா? இல்ல இந்தத் தடவையும் எங்கக்காகிட்ட ஒரு முதுகக் காட்டி இதுதான் எங்க வீட்டுக்காரர்னு சொல்லணுமா?" முகம்தான் என்றேன். அன்றைக்கே சொந்தக்காரர் ஒருவர் விடாமல் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் கேப்டன் என்னிடம் வந்தார். பாத்திரத்தை நீங்கள் செய்யுங்கள், ஆனால் அந்தப் பார்வை எப்படி என்று எனக்கும் ஆசைக்குக் கற்றுக்கொடுங்கள் என்றார். எனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியும்ணே," என்றார். "நான் பேசிட்டிருக்கும்போது பக்கத்துல நின்னு என்னப் பாப்பீங்களே. அந்தப் பார்வைதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் தோளில் கை போட்டிருந்தார்.

கற்றுக்கொடுத்தேன். தாடையை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் இறுக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த ஒத்திகையில் அவர் அதைச் செய்ததும் டைரக்டர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "முதுகு, நீ பழைய வேலையையே பாரு. ரெண்டையும் சாரே பண்ணட்டும்." கேப்டன் வேண்டாம் என்றுதான் சொன்னார், ஐயா. அதையும் சொல்லிவிட வேண்டும். ரொம்ப நேரம் வாதாடினார்.

எனக்கு அவர்மேல் கோபமே இல்லை. கவலைதான். அந்தப் பார்வை அவரிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. டீ கொடுத்தவருக்கு நன்றி சொல்லாமல் தம்ளரைத் திருப்பிக் கொடுத்தார், நானே பார்த்தேன். ஒரு தங்கமான மனிதர் கண்ணெதிரே கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? என் இடத்தில் நீங்கள் இருந்தாலும் ஏதாவது செய்திருப்பீர்கள்.

எங்கள் செட்டில் ஒரு சட்டம் உண்டு. முன்பொரு தடவை கேப்டன் காற்றறைக்குள்ளிருந்து தட்டி நடித்தபோது, லைட்காரர் பதறிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார். ஷாட் போச்சு. டைரக்டர் எல்லோரையும் நிறுத்திவைத்துச் சொன்னார்: "உள்ள இருக்கறவன் செத்தாலும் சரி, நான் கட் சொல்லாம எவனும் அந்தக் கதவத் தொடக் கூடாது." எல்லோரும் சிரித்தோம். அதிகம் சிரித்தவர் கேப்டன்.

அவருக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. ஆகவே எங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். தட்டுவதும் கத்துவதும் வசனத்திலேயே இருக்கிறது, அதை நான் கண்டுகொள்ளக் கூடாது. நிஜமாகவே மூச்சு முட்டினால் அவர் "அண்ணே" என்பார். எந்தக் கேப்டனும் விண்வெளியில் அண்ணே என்று கூப்பிட மாட்டார் அல்லவா. அவருடைய இன்ஹேலரும் என்னிடம்தான் இருக்கும். கேப்டன் உடுப்பில் பை கிடையாது. எதிர்காலத்து மனிதர்களுக்குப் பையில் போட ஒன்றும் இருக்காது என்று தையற்காரர் நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

அன்றைக்கு அந்தக் காட்சியை ஒரு தடவை செய்து பார்த்துவிடலாம் என்று நான் கூப்பிட்டதும், அவர் இன்ஹேலரை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கதவை இழுத்தேன். பழக்கதோஷத்தில் வாயால் "உஸ்ஸ்" என்றேன். கொண்டியைப் போட்டேன். புகையைத் திறந்துவிட்டேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம்.

செட்டில் அப்படி ஓர் அமைதி. ஒரு தும்மல் கிடையாது, ஒரு செருப்புச் சத்தம் கிடையாது. நல்ல ஷாட் நடக்கும்போதுதான் அப்படி அமைதி வரும்.

முதலில் அழகாகத்தான் நடித்தார். உள்ளங்கையை விரித்துக் கண்ணாடியில் அடித்தார். நடிகர்கள் அப்படித்தான் அடிப்பார்கள், விரல்கள் தெரிய வேண்டும் என்று. பிறகு முழங்கையால் அடித்தார். அப்புறம் எதனால் அடித்தார் என்று புகையில் தெரியவில்லை.

"அண்ணே" என்றார்.

கேட்டது, ஐயா. காது எனக்கு நன்றாகக் கேட்கும். இரண்டாவது தடவையும் கேட்டது. அப்போது நான் திரும்பினேன். கண்ணாடிக்கு நேரே நின்று, தாடையை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் இறுக்கினேன். கடைசியில் என் முகமும் காட்சிக்கு வந்துவிட்டது. பார்த்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் நன்றாகப் பார்த்தார்.

மூன்றாவது "அண்ணே" பாதியில் நின்றது. அதற்குப் பிறகும் நான் கொண்டியிலிருந்து கை எடுக்கவில்லை. இன்ஹேலர் இந்தச் சட்டைப் பையில்தான் இருந்தது, இதோ, இப்போதும் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகக் கதவைப் பூட்டியவன் நான், புகையை விட்டவன் நான், கூப்பிட்டதும் திறக்காதவன் நான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு நல்லவரை நல்லவராகவே நிறுத்திவைத்தேன். தவிர, சட்டம் சட்டம்தானே. கட் சொல்லாமல் கதவைத் தொடக் கூடாது. டைரக்டர் கட் சொல்லவில்லை. வேண்டுமானால் அவரையே கூப்பிட்டுக் கேளுங்கள், சொல்லவில்லை என்றுதான் அவரும் சொல்வார்.

அவர் அப்போது மற்ற எல்லோரையும் கூட்டிக்கொண்டு தெருமுனை ஹோட்டலுக்குச் சாப்பிடப் போயிருந்தார்.