ராக்கெட் விடும் நாள்

“படுங்கோ! எல்லாரும் படுங்கோ!”

அம்மா கத்துகிறாள். முல்லைத்தீவுக் கரையில் ஓடுகிறோம். ஷெல் கூவிக்கொண்டு வருகிறது. கூவல் நிற்கிறது. மண் எழும்பி விழுகிறது. நான் தலையைத் தூக்கினேன். அம்மா எழும்பவில்லை. தம்பியும் எழும்பவில்லை.

படகில் தமிழ்நாட்டுக்கு வந்தேன். அகதி முகாமில் வளர்ந்தேன். பழவேற்காட்டில் இறால் பிரிக்கப் போன இடத்தில் லைட்ஹவுஸ் குப்பத்துச் சேகரைக் கட்டினேன். பக்கத்தில் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விட்டால் குப்பமே கரையில் நின்று வேடிக்கை பார்க்கும். நான் கட்டிலுக்கடியில் கிடப்பேன். சேகர் பக்கத்தில் படுத்து, இரண்டு கையாலும் என் காதைப் பொத்துவார். இரைச்சல் அடங்கும்வரை கையை எடுக்கமாட்டார். அது எங்கள் இருவருக்குள் மட்டும் இருந்தது.

பிறகு அலுத்துப்போனார்.

“தூக்கத்துல நீ கத்துறதக் கேட்டுக் கேட்டு என்னால முடியல,” என்றார்.

கோர்ட்டில் பிரிந்தோம். தாய் அகதி என்றால் பள்ளிக்கூடத்திலிருந்து எல்லா இடத்திலும் கேள்வி. மகள் யாழினி அவரோடு இருக்கட்டும் என்று நானே கையெழுத்துப் போட்டேன். அடுத்த தையில் அவர் கஸ்தூரியைக் கட்டினார்.

கஸ்தூரிக்கு ஓட்டு இருக்கிறது. கோபித்துக்கொண்டு போகத் தாய்வீடு இருக்கிறது. படுத்தால் தூக்கம் வருகிறது. அவள் மீன்கூடையோடு கடந்து போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

போன மழைக்காலம். கரையில் இறால் பிரிக்கிறேன். ராக்கெட் விடுவதாக யாரும் சொல்லவில்லை. தரை அதிர்கிறது. கவிழ்த்திருந்த ஃபைபர் படகுக்கடியில் புகுகிறேன். மூச்சு வரவில்லை. யாரோ பக்கத்தில் வந்து படுக்கிறார்கள். இரண்டு கைகள் என் காதைப் பொத்துகின்றன. கண்ணைத் திறந்தேன். கஸ்தூரி.

இரைச்சல் அடங்கியபின் கேட்டேன். “உனக்கு ஆர் சொன்னது?”

“அவருதான்கா. ராக்கெட் வுட்டா உனக்கு ஆவாதுன்னு. காத இப்டிப் பொத்தணும்னு.”

அவள் முழங்கையெல்லாம் மணல். நன்றி சொல்லியிருக்கலாம். “போ” என்றேன். போய்விட்டாள். எங்களுக்குள் இருந்த ஒன்றையும் அவளிடம் கொடுத்துவிட்டாரே என்று அங்கேயே கிடந்து அழுதேன்.

போரில் யாரை இழந்தாய் என்று கேட்பவர்கள் செத்தவர்களை மட்டும் எழுதிக்கொள்கிறார்கள். அம்மா. தம்பி. எனக்கு அது போதாது. உயிரோடிருக்கும் சேகரையும் எழுதுகிறேன். காலையில் கஸ்தூரியிடம் தலைவாரிக்கொண்டு பள்ளிக்குப் போகும் என் மகளையும் எழுதுகிறேன்.