முகவரிக் கட்டம்

உங்கள் ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. பரவாயில்லை, குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

திருச்செங்கோட்டில் நாங்கள் நடத்தும் கபடி இணையதளத்துக்கு வரும் புகார்களைப் பார்ப்பது என் வேலை. என் படத்தை எடுத்துப் போட்டுவிட்டார்கள், எங்கள் அணியின் சின்னத்தைத் திருடிவிட்டார்கள் என்று மாதம் நாலைந்து பேர் எழுதுவார்கள். ஆறு வருடத்தில் ஒருவரிடமும் நான் குரலை உயர்த்தியதில்லை.

கனிஷ்காவின் புகார் நியாயமானதுதான். அது அவளே செல்போனில் எடுத்துக்கொண்ட படம். அவளுடைய பழைய கோச் வெள்ளியங்கிரி, ‘எங்கள் கிளப் வீராங்கனை’ என்று போட்டு அதை எங்கள் தளத்தில் ஏற்றியிருந்தார். அவளோ கிளப்பை விட்டு வந்து குமாரபாளையத்தில் ஒளிந்திருந்தாள். வெள்ளிக்கிழமை வேறு அணியில் தேர்வு. அந்தப் படம் இருக்கும்வரை அவர்கள் சேர்க்க மாட்டார்கள். கிளப்பை விட்டுப் போனால் காலை உடைப்பேன் என்று கோச் மிரட்டியதையும் எழுதியிருந்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசி வரியில் எங்களுடையது திருட்டு சைட்டு என்றாள். பத்தொன்பது வயதில் அவ்வளவு வாய்க்கொழுப்பு ஆகாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனாலும் மரியாதையாகத்தான் பதில் போட்டேன். கையெழுத்து இல்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பினேன். முகவரிக் கட்டம் காலியாக இருக்கிறது என்று மறுமுறை. அவளே போனில் கூப்பிட்டாள்.

“ஏனுங்ண்ணா, ஊட்டு அட்ரஸ் கண்டிப்பா வேணுங்களா?”

“ஆமா சாமி, ரூல்ஸ் அப்படி.”

“கோச்சுக்குப் போயிராதுங்களே? தெரிஞ்சா வந்துருவாருங்க.”

“அவருக்கு எதுக்குப் போவுது? எங்கிட்டயே இருக்கும்.”

புகார் வந்தால் படத்தை ஏற்றியவருக்கு ஒரு நகல் அனுப்புவது எங்கள் வழக்கம். புகார் கொடுத்தவரின் விவரங்களை மறைத்துவிட்டுத்தான் அனுப்புவோம். அன்று மறைக்கவில்லை. விசைத்தறிப் பட்டறைக்குப் பின்வரிசை, மூன்றாவது வீடு, பச்சைக் கதவு. கதவின் நிறத்தையும் எழுதச் சொன்னவன் நான்தான். யாரும் வீடு தெரியாமல் அலையக் கூடாது பாருங்கள்.

வியாழன் காலையில் வெள்ளியங்கிரி இரும்புக் கம்பியோடு போயிருக்கிறார். வலது முழங்கால். இனி அவள் கம்பு ஊன்றாமல் நடந்தாலே பெரிய விஷயம் என்கிறார்கள். அடித்தது அவர். நான் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன், அவ்வளவுதான்.

விவரங்களை மறைக்க மறந்துவிட்டேன் என்று சொல்லச் சொன்னார் எங்கள் வக்கீல். எனக்குப் பொய் வராது, ஐயா. அந்தப் படிவத்தில் முகவரிக் கட்டமே முன்பு கிடையாது. அவளுக்காகத்தான் சேர்த்தேன்.

படத்தை அந்த வியாழன் மதியமே நீக்கிவிட்டேன். அவள் கேட்டது அது ஒன்றுதான்.