கஜேந்திரன் இன்னும் பார்க்கவில்லை

வாட்ஸப்பில் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்புகிறவர்களுக்குக்கூடப் பதில் போடுகிற ஆள் நான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன் ஐயா. புதியவர்களை நான் மதிப்பதில்லை என்று பேப்பர்க்காரர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

என் பெயர் லோரன்ஸ். தலவாக்கலை டவுனில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறேன். மற்ற நேரத்தில், மண்சரிவு அபாயம் இருந்தால் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துச் சனங்களின் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும் ஒரு மென்பொருளைக் கவனிக்கிறேன். நான் ஆரம்பித்ததுதான். திறந்த மூலம் என்பார்கள். யாரும் உள்ளே எட்டிப் பார்க்கலாம், பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம், ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. திருவிழாவுக்குப் பந்தல் போடுகிற மாதிரி வேலை, சாப்பாடு மட்டும் இல்லை.

இப்படிப்பட்ட குழுக்கள் எதனால் செத்துப்போகின்றன தெரியுமா? புதிதாக வருகிறவர் ஆசையாக ஒரு திருத்தம் அனுப்புவார், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எனக்கே நடந்திருக்கிறது. ஒரு வெளிநாட்டுக் குழுவுக்குத் திருத்தம் அனுப்பிவிட்டு, பெண் கேட்டுவிட்டு வந்தவன் மாதிரிக் காத்துக் கிடந்தேன். ஒரு சொல் வரவில்லை. அந்த அவமானம் என் குழுவில் யாருக்கும் வரக் கூடாது என்று நினைத்தேன். அனுப்பியவர் டீ குடித்து முடிப்பதற்குள் என் பதில் போய்விடும். வாங்க தங்கச்சி, வாங்க தம்பி, ரொம்ப சந்தோஷம். இதற்காகக் கொழும்பில் ஒரு மாநாட்டில் எனக்குக் கேடயம்கூடத் தந்தார்கள்.

ஆனால் வருகிற எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ள முடியாதே. முடியாது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தி வருகிறவரை, மேலதிகாரியான கண்டாக்கு விரட்டிவிடுவார். கங்காணி பின்னாலேயே போய்த் தோளில் தட்டி, நாளைக்கு நேரத்தோடு வா என்பார். கங்காணி மேல் யாருக்கும் கோபமே வராது. அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எந்தத் திருத்தத்துக்கும் இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும் என்று எங்கள் குழுவிலும் சட்டம் வைத்தேன். ஒருவர் நான், மற்றவர் கஜேந்திரன்.

கஜேந்திரன் கறாரான ஆள். எதையும் ஒற்றை வரியில்தான் எழுதுவார். தீபாவளிக்கு லீவு எடுப்பார். மாநாட்டுக்கு அழைத்தபோது, பஸ்ஸில் வாந்தி வரும் என்று மறுத்துவிட்டார். ஒருமுறை எல்லோர் முன்னாலும் என்னையே கடிந்துகொண்டார். அதன் பிறகு அவருக்கு மரியாதை இன்னும் கூடிவிட்டது. எனக்கே அவர் மேல் கொஞ்சம் பயம்தான்.

சுலக்ஷனா லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பிள்ளை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். அவள் அனுப்பிய முதல் திருத்தமே இதுதான். எங்கள் எச்சரிக்கை இணையம் வழியாகப் போகிறது. அடைமழையில் லயத்தில் முதலில் அறுந்துபோவது இணையம்தான். ஆகவே சாதாரண எஸ்.எம்.எஸ்ஸாக அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். இத்தனை வருஷமாக என் மூளைக்கு எட்டாதது. படித்ததும் எனக்குக் காது சூடேறிவிட்டது. பொறாமைதான் ஐயா, அதற்கு வேறு பெயர் கிடையாது. அதைச் சேர்த்துக்கொண்டால், கேடயம் வாங்கிய மென்பொருள் மழை நாளில் ஒன்றுக்கும் உதவாது என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

உடனே பதில் போட்டேன். அருமை என்று எழுதி, என் சம்மதத்தையும் பதிந்தேன். திருத்தத்துக்குள் அவள் பெயர்கள் வைத்த விதம் சரியில்லை என்றார் கஜேந்திரன். மாற்றினாள். இரண்டாகப் பிரிக்கச் சொன்னார். பிரித்தாள். சிங்களத்திலும் விளக்கம் வேண்டும் என்றார். பக்கத்துக் கடை அக்காவிடம் கேட்டு எழுதினாள். ஒவ்வொரு முறையும் நான் ஆறுதல் சொன்னேன்.

"மனசு விட்றாதீங்க தங்கச்சி. அவரு அப்படித்தான், ஆனா நல்ல மனுசன்."

அவளும் ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னாள். இப்படியே மழைக்காலம் வந்துவிட்டது.

அன்று பின்னேரம் எனக்குப் போன் எடுத்தாள்.

"சேர், கீழ் லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்கு. நெட் போயிருச்சு, நம்ம எச்சரிக்க ஒருத்தருக்கும் வரல்ல. எஸ்.எம்.எஸ் மட்டுந்தான் வருது. என் திருத்தத்த இப்பவே சேத்துவிடுங்க சேர்."

"நான் எப்பவோ சம்மதிச்சிட்டேனே தங்கச்சி. கஜேந்திரன் இன்னும் பாக்கல்ல."

"அவங்க நம்பரத் தாங்க. நான் கெஞ்சிக் கேக்குறேன்."

"அவர இப்ப தொந்தரவு பண்ணக் கூடாது. நீங்க போயி கதவத் தட்டிச் சொல்லுங்க."

"எல்லாக் கதவுக்கும் நான் ஒருத்தியா சேர்?"

போனாள். அவள் தட்டிய வீடுகளில் இருந்தவர்கள் எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடி வந்துவிட்டார்கள். லயத்தின் கடைசி அறையில், கடைசிக் காம்பிராவில், வீரம்மா என்றொரு அம்மா, கால் முறிந்து படுக்கையில் இருந்தவர். அவரைத் தூக்க சுலக்ஷனா உள்ளே போயிருக்கிறாள். மண் வந்தது அப்போதுதான். இருவரையும் ஒன்றாகத்தான் தோண்டி எடுத்தார்கள்.

நாளைக்கு விசாரணைக்குக் கஜேந்திரனைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறீர்கள். முடியாது ஐயா. அப்படி ஒருவர் இல்லை. அந்தப் பெயரில் கணக்குத் திறந்தவன் நான். அந்த ஒற்றை வரிகளை எழுதியவனும் நான். அவள் பேசியபோது கம்ப்யூட்டர் என் முன்னால்தான் திறந்திருந்தது. கஜேந்திரனாக உள்ளே போய்ச் சம்மதம் என்று ஒரு பட்டனை அமுக்கியிருந்தால் லயம் முழுக்க எஸ்.எம்.எஸ் போயிருக்கும். மழை விட்டுவிடும் என்று நினைத்தேன். விட்டுவிட்டால் அவள் சொன்னது சரியென்று ஆகிவிடாது என்றும் நினைத்தேன். அமுக்கவில்லை. எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று காட்டுங்கள், வைக்கிறேன்.

ஒன்றை மட்டும் மாற்றி எழுதுங்கள். திருத்தத்தைத் தடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். நான் முதல் நாளே சம்மதித்துவிட்டேன் ஐயா. கஜேந்திரன்தான் கடைசிவரை விடவில்லை.