மலர்கொடிக்குப் போட்ட ஊசி

குளவி இல்லீங்க தம்பி, கதண்டு. நாளைக்கு விசாரணையிலயும் கதண்டுன்னே சொல்லுங்க. குளவின்னா ஒண்ணு ரெண்டு கொட்டிட்டுப் போயிடும். இது பனமரத்துலேருந்து கூட்டமா எறங்கும். மலர்கொடி பருத்தி எடுத்துக்கிட்டுதான் நின்னா. இந்த நேரத்துல இது ஒரு திருத்தமான்னு பாக்கறீங்க. விக்கிரமங்கலம் நூலகத்துல உக்காந்து உக்காந்து வந்த பழக்கம்.

டீயக் குடிங்க, ஆறுது. சண்டைக்கு வரலை. பொண்டாட்டி செத்ததுக்கு ஆம்புலன்ஸ் நர்ஸுகிட்ட சண்ட போட்டு என்ன ஆவப் போவுது. நேத்துதான் பால் தெளிச்சோம். அழுகை வரலீங்க. வந்தவங்களுக்கு நாற்காலி பத்தலையேன்னுதான் யோசனை ஓடுச்சு.

உங்க மேல மனு குடுத்தது என் மச்சினன் மணிமாறன். டாக்டர் இல்லாம வேனுக்குள்ளயே நரம்புல ஊசி ஏத்திட்டாங்க, அதுலதான் அக்கா நெஞ்சு நின்னு போச்சுங்கறான். அவனுக்குத் தெரிஞ்ச ஊசியெல்லாம் இடுப்புல போடறதுதான். நான் புஸ்தகம் எடுத்துப் பாத்துட்டேன். அட்ரினலின். தொண்டை அடைச்சு, தொடையில போட்டது கேக்காம நாடியும் எறங்கிட்டா அத நரம்புலதான் குடுக்கணும். நீங்க செஞ்சது சரி. ஊசி ஏறுனப்ப ஒரு தடவ கண்ணக்கூடத் தொறந்தா.

ஆமாங்க, ஊசி ஏத்துனது லேட்டுதான். ஏன் லேட்டுன்னு நாளைக்குக் கேப்பாங்க. நரம்பு கெடைக்கலைன்னு சொல்லுவீங்க. ஏன் கெடைக்கலைன்னு அடுத்த கேள்வி வரும். அதுக்குத்தான் வந்தேன்.

ரெண்டு கையிலயும் நரம்பே தெரியாம காஞ்சு கெடந்த சுண்ணாம்ப, தண்ணி ஊத்தி ஊத்தித் தொடச்சீங்களே, அத மட்டும் சொல்லிடாதீங்க. வேனுக்குத் தகவலே லேட்டாதான் வந்துச்சுன்னுடுங்க. பொய்தான். நானும் அப்படியே எழுதிக் குடுத்துட்டேன், பயத்துல போன் பண்ணாம நின்னுட்டேன்னு. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாது. மணிமாறன் இனிமே என் வூட்டு வாசல மிதிக்கமாட்டான். மிதிக்காட்டிப் போறான்.

எதுக்குங்களா? கதண்டு கொட்டுனா சுண்ணாம்பு தடவுறது இங்க எல்லா வூட்டுலயும் இருக்கறதுதான். நான் வேனுக்குப் போன் பண்ண அப்பவே பஞ்சாயத்து ஆபீஸுக்கு ஓடிட்டேன். பக்கத்துல பொண்ணு பானுப்ரியா மட்டும்தான். அஞ்சாவது படிக்குது. அம்மாவுக்கு எரியக் கூடாதுன்னு தோள்பட்டைலேருந்து விரல் வரைக்கும், ஒரு எடம் விடாம பூசியிருக்கு.

சரியாத் தடவுனேனாப்பான்னு நேத்துக் கேட்டுச்சு. ஆமாம்மான்னு சொல்லி வச்சிருக்கேன்.